விரல் வைத்து மூடிய பக்கம்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைத்தான் சுற்றிச் சுற்றி வந்தன. படிப்பதற்கும் எழுதுவதற்கும் என்ன சம்பந்தம்? ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டேன். காதல் தோல்விக்குக் கவிதை மருந்தாகுமா என்று கேட்ட அன்பர் பொறுத்துக்கொள்ளவும். அதற்குள் அவருக்கே சரியாகிவிடும் என்று நினைக்கிறேன்.

கேள்வி: ஐயா, பத்து வருடமாக வாரத்துக்கு ஒரு புத்தகமாவது படித்துவிடுகிறேன். "நிறையப் படி, எழுத்து தானாக வரும்" என்கிறார்கள். எனக்கு வரவில்லை. எங்கே தப்பு?

தானாக வரும் என்று சொன்னவர்களைப் பிடித்துக் கேட்க வேண்டிய கேள்வி. என்னிடமும் அப்படித்தான் சொன்னார்கள். நானும் நம்பினேன். படித்ததில் பிடித்த வரிகளையெல்லாம் அழகான கையெழுத்தில் நோட்டுப் புத்தகங்களில் எழுதிவைத்தேன். அப்படிப் 11 நோட்டுகள் சேர்ந்தன. அவற்றிலிருந்து இன்றுவரை ஒரு கதைகூடப் பிறக்கவில்லை. எடுத்துப் புரட்டினால் வேறு யாரோ தொடுத்த மாலைகளைப் பார்ப்பது போலிருக்கிறது.

எனக்கு உதவியது வேறொன்று. படித்துக்கொண்டே போகும்போது சில இடங்களில் நம்மை அறியாமல் விரலைப் பக்கத்துக்குள் விட்டுப் புத்தகத்தை மூடிவிடுகிறோம் இல்லையா? சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். பெரும்பாலும் அது புத்தகத்தின் மிகச் சிறந்த வரியாக இருக்காது. ரசிக்கிற வரியில் நாம் நிற்பதில்லை, "ஆகா" என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவோம். நிற்பது ஏதோ இடறும்போதுதான். "இதை எப்படி இப்படிச் செய்தார்?" அல்லது "இல்லையே, அவள் அப்படிப் பேசியிருக்க மாட்டாளே!" அந்த இடறல்தான் சரக்கு.

ஓர் உதாரணம் சொல்கிறேன். வர்ஜீனியா வுல்ஃப் 1927-இல் வெளியிட்ட கலங்கரை விளக்கம் பற்றிய நாவலில், அதுவரை கதையைத் தன் தோளில் சுமந்துவந்த பெண் இறந்துபோகிறாள். அந்தச் சாவு எங்கே வருகிறது தெரியுமா? ஓர் அடைப்புக்குறிக்குள். கணவர் இருட்டில் கைகளை நீட்டுகிறார், முந்தைய இரவு அவள் இறந்துவிட்டதால் கைகள் வெறுமையாக இருக்கின்றன. அவ்வளவுதான். வாக்கியத்தின் முக்கிய வினை அவர் கையில் இருக்கிறது, அவள் சாவு நடுவில் ஒரு துணைச் செய்தியாக வந்து போகிறது. நான் விரலை வைத்து மூடினேன். அன்று அதற்குமேல் படிக்கவில்லை.

அப்போது என் மேஜையில் ஒரு கதை பாதியில் கிடந்தது. அப்பா இறக்கும் காட்சி, 3 பக்கம். "மூச்சு மெல்ல மெல்ல அடங்கியது, வீடே இருண்டது" என்ற ரகம். எனக்கே பிடிக்கவில்லை, ஆனால் ஏனென்று தெரியவில்லை. வுல்ஃபின் அடைப்புக்குறியைத் தூக்கி என் கதையில் வைத்தேன். அபத்தமாக இருந்தது. நல்லவேளை, அங்கேயே விட்டுவிடவில்லை. அவர் தமக்குள் கேட்டிருக்கக்கூடிய கேள்வி என்ன என்று யோசித்தேன். ஒரு வாக்கியத்துக்குள் சாவை எந்த இடத்தில் உட்காரவைப்பது? சரி, தமிழில் எங்கே உட்காரும்? நமக்கு வினைமுற்று கடைசியில் வரும், எல்லாக் கனமும் அங்கே போய் இறங்கும். ஆனால் நடுவில் பெயரெச்சம் என்று ஒரு மூலை இருக்கிறது. அங்கே எதை ஒளித்துவைத்தாலும் படிப்பவர் கடந்துபோன பிறகுதான் திரும்பிப் பார்ப்பார். அந்த 3 பக்கம் இப்படி ஆனது:

"அப்பா போன மறுநாள் காலை, பழக்கதோஷத்தில் அவருடைய கண்ணாடியைத் துடைத்து மேஜைமேல் வைத்தேன்."

சாவு "போன" என்ற இரண்டு எழுத்துக்குள் அடங்கிவிட்டது. கனம் கண்ணாடிக்குப் போய்விட்டது. இது பெரிய கலை என்று சொல்ல வரவில்லை. வுல்ஃபைப் படிக்காமல் இருந்திருந்தால் அந்த 3 பக்கத்தை 4 பக்கமாக்கியிருப்பேன், அவ்வளவுதான்.

நன்னூலில் மாணாக்கர்களை அன்னம், பசு, மண், கிளி, ஓட்டைக் குடம், ஆடு, எருமை, நெய்யரி என்று பிரித்திருப்பதைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். அன்னமும் பசுவும் முதல் தரம். பசு புல் இருக்கிற இடத்தில் வயிறார மேய்ந்துவிட்டு, அப்புறம் ஓரிடத்தில் படுத்து அசைபோடும். ஆடு அப்படியில்லை, தழை நிறைய இருந்தாலும் ஒரு செடியில் நிற்காது, ஒரு வாய் கடித்துவிட்டு அடுத்ததற்குத் தாவும். அது கடை வரிசையில் நிற்கிறது. பவணந்தி முனிவர் உங்களையும் என்னையும் பார்த்துத்தான் எழுதினாரோ என்று எனக்குச் சந்தேகம். வாரத்துக்கு ஒரு புத்தகம் என்பது நல்ல மேய்ச்சல்தான். படுத்து அசைபோட நேரம் எங்கே? அடுத்த மாதம் ஒரே ஒரு புத்தகத்தை எடுங்கள். நின்ற இடங்களை மட்டும் குறியுங்கள். வரியை எழுதாதீர்கள். பக்க எண், அதற்கெதிரே "ஏன் நின்றேன்" என்று ஒரு வாக்கியம். நாலு பக்க எண் தேறினாலே அதிகம்.

கேள்வி: நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். பிறருடைய நடை ஒட்டிக்கொள்ளும் என்று பயந்து ஆறு மாதமாக எதையும் படிப்பதில்லை. சரிதானே சார்?

பயம் நியாயமானது, மருந்துதான் தவறு. நடை ஒட்டும், மறுக்கவில்லை. இருபதுகளில் ஒரே எழுத்தாளரைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். அந்தச் சமயத்தில் நான் அனுப்பிய கதை ஒன்று பென்சிலில் நாலே வார்த்தையோடு திரும்பிவந்தது: "இதை அவரே எழுதிவிட்டாரே, தம்பி." இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. பிறகு பார்த்தால் உண்மைதான், என் பாத்திரங்கள் அவருடைய பாத்திரங்களைப் போலத் தொண்டையைக் கனைத்துக்கொண்டிருந்தன.

ஆனால் கோளாறு படித்ததில் இல்லை. ஒருவரை மட்டும் படித்ததில் இருந்தது. ஒரே சாயத்தில் முக்கினால் துணி அந்த நிறமாகத்தான் வரும். அதே நேரத்தில் அவருக்கு நேர் எதிரான இன்னொருவரையும் படித்திருந்தால் இரண்டு குரலும் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டிருக்கும், நடுவில் என் தொண்டைக்குக் கொஞ்சம் இடம் கிடைத்திருக்கும். எழுதும்போது கதை படிக்கப் பயமாக இருந்தால் கவிதை படியுங்கள், பயணக் கட்டுரை படியுங்கள். ஆறு மாதம் பட்டினி கிடந்தால் உங்கள் சொந்தக் குரல் வெளியே வரும் என்று நினைக்கிறீர்கள். வருவது நீங்கள் பதினெட்டு வயதில் படித்த யாரோ ஒருவருடைய குரலாக இருக்கும்.

கேள்வி: ஏற்கனவே எழுதப்பட்ட கதையை எடுத்து மாற்றி எழுதினால் அது சொந்தப் படைப்பா, திருட்டா?

இதற்கு நம்மிடம் பழைய, தெளிவான கணக்கு ஒன்று இருக்கிறது. முதல் நூல், வழிநூல் என்று தொல்காப்பியமே பிரிக்கிறது. நன்னூல் இன்னும் விளக்கமாகச் சொல்கிறது: வழிநூல் என்பது முன்னோர் நூலோடு ஒத்துப்போக வேண்டும், கூடவே "பின்னோன் வேண்டும் விகற்பம்" அதில் இருக்க வேண்டும். பின்னால் வருகிறவன் தனக்கு வேண்டிய வேறுபாட்டைச் செய்துகொள்ளலாம் என்பது அனுமதி மாதிரி தொனிக்கிறது. எனக்கு அது நிபந்தனையாகவே படுகிறது. விகற்பம் இல்லையென்றால் நீ எதற்கு?

அகலிகை கதையை எடுத்துக்கொள்ளுங்கள். வால்மீகியில் அவள் கல்லாவதில்லை. யார் கண்ணிலும் படாமல், காற்றையே உணவாகக் கொண்டு, சாம்பலில் கிடக்க வேண்டும் என்பது சாபம். கம்பனில் அவள் கல். (கல் வேறு ராமாயணங்களிலும் உண்டு, கம்பன் கண்டுபிடித்தது என்று சண்டைக்கு வர வேண்டாம்.) கண்ணுக்குத் தெரியாமல் கிடப்பவளை மீட்பதற்கும், ராமனின் கால் தூசி பட்டுக் கல் பெண்ணாக எழுவதற்கும் எவ்வளவு வித்தியாசம்! இரண்டாவதை மனத்தில் அப்படியே பார்க்க முடிகிறது. 1943-இல் புதுமைப்பித்தன் "சாபவிமோசனம்" எழுதுகிறார். எல்லோரும் கதை முடிந்தது என்று எழுந்துபோன இடத்தில் அவர் உட்கார்ந்துவிட்டார். மீண்டும் பெண்ணான பிறகு அவள் எப்படி வாழ்ந்தாள்? ஊர் என்ன பேசியது? கடைசியில் சீதை வந்து, தன்னைத் தீக்குளிக்கச் சொன்னதைச் சொல்கிறாள். தன்னை மன்னித்த அதே ராமனா! அகலிகை மறுபடியும் கல்லாகிவிடுகிறாள்.

புதுமைப்பித்தன் இரண்டு வெவ்வேறு காண்டங்களில் தள்ளித் தள்ளிக் கிடந்த இரண்டு பெண்களை ஒரே இடத்தில் நிறுத்தி, ஒருத்திக்குச் செய்தியைச் சொல்லவிட்டார். எத்தனையோ தலைமுறை படித்த கதைதான். இரண்டையும் ஒருசேர நினைவில் வைத்து இடறி நின்ற வாசகர் அவர். இதைத் திருட்டு என்று யார் சொல்வார்?

சொற்களை அப்படியே எடுப்பதென்றால் அதற்கும் மரியாதையான வழி இருக்கிறது. மணிமேகலையில் சாத்தனார் "தெய்வம் தொழாஅள்" குறளை அப்படியே பயன்படுத்துகிறார். ஆனால் "பொய்யில் புலவன் பொருளுரை" என்று சொல்லிவிட்டுத்தான். எடுத்தேன் என்கிறார், யாரிடமிருந்து என்பதும் கேட்பவருக்குப் புரிகிறது. போன வருடம் என் கதை ஒன்றின் இரண்டு பத்தியை எழுத்துப் பிசகாமல் தன் கதையில் சேர்த்துக்கொண்ட தம்பி இதைப் படிப்பார் என்று நம்புகிறேன். பத்தி எழுத்துப்பிழையோடு இருந்தது, அதையாவது திருத்தியிருக்கலாம்.

கேள்வி: படித்ததெல்லாம் மறந்துபோகிறது. கதாபாத்திரங்களின் பெயர்கூட நினைவில் இல்லை. இப்படிப் படித்து என்ன பயன்?

உங்களுக்கு ஒரு சம்பவம் சொல்கிறேன். 1816 அக்டோபரில் ஒரு நாள் இரவு. இன்னும் 21 வயது நிறையாத ஜான் கீட்ஸ், தன் நண்பர் ஒருவர் வீட்டில் ஹோமரின் பழைய ஆங்கில மொழிபெயர்ப்பு ஒன்றை விடிய விடியப் படிக்கிறார். சாப்மன் என்பவர் சுமார் இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு செய்தது. கீட்ஸுக்குக் கிரேக்கம் தெரியாது, மொழிபெயர்ப்புதான் கதி. விடியற்காலையில் நடந்தே வீடு திரும்புகிறார். காலை 10 மணிக்கு அந்த நண்பர் சிற்றுண்டிக்கு உட்காரும்போது மேஜையில் 14 வரிக் கவிதை ஒன்று வந்து காத்திருக்கிறது. இன்றுவரை பேசப்படும் கவிதை அது. படித்ததற்கும் எழுதியதற்கும் நடுவே ஒரு காலை நடை, அவ்வளவுதான்.

நான் சொல்லவந்தது அந்த வேகத்தைப் பற்றியல்ல. ஹோமரைப் படித்தபோது தன் மனம் எப்படி விரிந்தது என்பதைச் சொல்ல, பசிபிக் கடலை முதன்முதலில் மலையுச்சியிலிருந்து பார்த்துப் பேச்சற்று நின்ற ஒரு ஸ்பானிய வீரனைக் கீட்ஸ் கொண்டுவருகிறார். அவன் பெயர் கோர்டெஸ் என்று எழுதிவிட்டார். தப்பு. டேரியன் மலையிலிருந்து 1513-இல் அந்தக் கடலைப் பார்த்தவர் பால்போவா. கீட்ஸ் சிறுவயதில் அமெரிக்க வரலாறு ஒன்றைப் படித்திருந்தார். பெயர் நழுவிவிட்டது. ஆனால் அந்த மலையுச்சியும், ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு வாயடைத்து நின்ற வீரர்களும் நழுவவில்லை.

நீங்கள் மறந்த பெயர்களுக்கு அடியில் என்ன தங்கியிருக்கிறது என்று பாருங்கள். யாரோ ஒருத்தி கதவைச் சாத்திய விதம், ஒரு கிழவர் பேச்சை மாற்றிய சாமர்த்தியம் என்று ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கும். தப்பாக நினைவிருந்தால் இன்னும் நல்லது. நான் வருடக்கணக்காக ஒரு நாவலின் கடைசிக் காட்சியில் மழை பெய்வதாக நினைத்துக்கொண்டிருந்தேன். திரும்பப் படித்தபோது சொட்டு மழை இல்லை. அந்த மழை என்னுடையது. எடுத்து ஒரு கதையில் பெய்யவிட்டேன்.

கேள்வி: எழுத்தாளராக வேண்டுமென்றால் இலக்கியம் மட்டும்தான் படிக்க வேண்டுமா? எனக்குத் துப்பறியும் நாவல்தான் பிடிக்கும்.

துப்பறியும் நாவலைப் போல "வாசகருக்கு எதை எப்போது சொல்வது" என்பதைக் கற்றுத்தரும் வாத்தியார் கிடையாது. ஒரு தடவை முடிவு தெரியாமல் படியுங்கள். உடனே முடிவு தெரிந்துகொண்டு இரண்டாம் தடவை படியுங்கள். குற்றவாளி முதல் அத்தியாயத்திலேயே சாதாரணமாகக் கதவைத் திறந்துவிட்டுப் போயிருப்பான். உங்கள் கண்ணெதிரே எப்படி ஒளித்தார்கள் என்பதைப் பாருங்கள்.

இலக்கியமே இல்லாத புத்தகங்களும் உண்டு. நான் கடிகாரம் பழுதுபார்ப்பது பற்றிய புத்தகம் ஒன்றைச் சும்மா புரட்டிக்கொண்டிருந்தேன். ஊசல் கடிகாரம் துளி சாய்ந்து மாட்டியிருந்தாலும் "டிக்"குக்கும் "டாக்"குக்கும் நடுவே இடைவெளி சமமாக இருக்காது, நொண்டுகிற மாதிரிக் கேட்கும், கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும் என்று போட்டிருந்தது. கடிகாரத்தைத் திறப்பதற்கு முன் காதைக் கொடுத்துக் கேள் என்று ஓர் அறிவுரை. விரலை வைத்து மூடினேன். கணவர் இறந்தபின் வீடு மாறிய ஒரு பெண், புது வீட்டில் பழைய கடிகாரத்தை மாட்டுகிறாள். இரவெல்லாம் அது நொண்டுகிறது. பழுது கடிகாரத்திலா சுவரிலா? அந்தக் கதையை நாலு நாளில் எழுதி முடித்தேன். எந்த நாவலும் எனக்கு இவ்வளவு சீக்கிரம் ஒரு கதையைத் தந்ததில்லை.

கேள்வி: பென்சிலால் கோடு போட்டுப் படிக்கலாமா? புத்தகம் பாழாகாதா?

உங்கள் புத்தகமென்றால் போடுங்கள். இரவல் புத்தகமென்றால் கை வைக்காதீர்கள். எனக்கு இரவல் வந்த ஒரு நாவலில் யாரோ பக்கத்துக்குப் பக்கம் "உண்மை! உண்மை!" என்று எழுதியிருந்தார்கள். கடைசிவரை அந்த மனிதரோடுதான் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன், கதை காதில் விழவில்லை.

கேள்வி: பெரிய படைப்பு ஒன்றைப் படித்து முடித்தால், இனி நாம் எழுதி என்ன ஆகப்போகிறது என்று கையே ஓடுவதில்லை. உங்களுக்கு இப்படி வருமா ஐயா?

வரும். போன மாதம்கூட வந்தது. அவையடக்கத்தில் கம்பன் சொல்கிறானே, பாற்கடலை முழுக்க நக்கிக் குடித்துவிடலாம் என்று ஒரு பூனை போய் நின்றது போல நான் ராமன் கதையைச் சொல்ல வந்தேன் என்று. இதை எல்லோரும் பணிவு என்று எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அந்தப் பூனைமேல் ஒரு கண். அது கடலைப் பார்த்தவுடன் மலைத்துப்போய்த் திரும்பியிருக்க வேண்டும். திரும்பவில்லை. "ஆசை பற்றி" அறையலுற்றேன் என்கிறான். தகுதி பற்றி என்று சொல்லவில்லை. அந்தப் பூனை அப்புறம் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்கள் எழுதிற்று.

எனக்கு அந்தச் சோர்வு வந்தால், அதே புத்தகத்தில் எனக்குப் பிடிக்காத பக்கம் ஒன்றைத் தேடுவேன். எவ்வளவு பெரிய படைப்பிலும் ஆசிரியர் களைத்துப்போன இடம் ஒன்றாவது இருக்கும், ஒரு பாத்திரத்தை அவசரமாக ஊருக்கு அனுப்பிவைத்திருப்பார். அதைக் கண்டுபிடித்தால் கொஞ்சம் மூச்சு வரும். அற்பத்தனம்தான், ஆனால் வேலை செய்கிறது.

கேள்வி: இப்போது என்ன படித்துக்கொண்டிருக்கிறீர்கள்?

முடிச்சுகள் பற்றிய கையேடு ஒன்று. இரண்டு கயிறுகளை இணைக்க எல்லோரும் போடும் சாதாரண இரட்டை முடிச்சை நம்பாதே, ஒரு முனையை வெடுக்கென்று இழுத்தால் கவிழ்ந்து நழுவிவிடும் என்று 61-ஆம் பக்கத்தில் இருக்கிறது. இந்தப் பதில்களை அரை மணி நேரமாக ஒரு கையால்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். கையெழுத்து புரியாவிட்டால் அச்சுக்கோப்பவர் மன்னிக்கவும். இன்னொரு கை விரல் அந்தப் பக்கத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறது.